தொட்டால் அடங்கும் இரைச்சல்

இரைச்சல் திடீரென்று அடங்கிவிட்டது. செபாஸ்தியானுக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

பேஸ் கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, அவன் சன்னலோரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். வெளியே கள்ளக்குறிச்சி முழுக்க மழை. கீழே தஸ்தகீர் பாயின் வெல்ல மண்டியிலிருந்து நனைந்த சாக்கு நாற்றமும் வெல்லத்தின் புளித்த வாடையும் மாடிப்படி ஏறி வந்து, ஒத்திகை அறைச் சுவர்களில் ஒட்டிக்கிடந்தன. அந்தக் கிட்டாரின் பிக்கப்புக்கு, அதாவது கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருளுக்கு, ஒரு பழக்கம். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி ஓடும்வரை 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கும், ஆள் கை கம்பியில் பட்டால் அடங்கும், கையை எடுத்தால் மறுபடி கிளம்பும். பேஸ் வாசிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். அறையில் இருந்த ஒரே ஆளின் கையில் தேநீர் டம்ளர் இருந்தது.

ஒயர் லூசாக இருக்கும் என்று அவன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கிட்டே போனான். ஒயர் இறுக்கமாகத்தான் இருந்தது. அவன் குனிந்ததும், யாரோ நாகரிகமாகக் கையை எடுத்துக்கொண்ட மாதிரி, இரைச்சல் திரும்பக் கிளம்பியது.

யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. நாளை மாலை ரிஷிவந்தியத்தில் கல்யாணக் கச்சேரி. இன்றைக்குள், இந்தக் கிட்டாரை முன்பு வாசித்த ரபீக்கின் சவுண்டு அவன் கையில் வந்தாக வேண்டும். வராவிட்டால் கடலூரிலிருந்து வேறு ஆள் வருவான், செபாஸ்தியான் பழையபடி மேடை ஓரத்தில் நின்று கிலுகிலுப்பை ஆட்டப் போகலாம். ஆறு வருஷம் ஆட்டியாயிற்று. ஒரு நோட்டீசில்கூட அவன் பெயர் வந்ததில்லை. குழுவில் அவனுக்குப் பெயரே கிலுகிலுப்பைதான். சோறு போடும்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பேஸ் வாசித்த ரபீக் செத்துச் சில மாதங்கள் ஆகின்றன. இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்த அந்த வாரத்தில், கல்வராயன் மலையில் கச்சேரி முடித்து மோட்டார் சைக்கிளில் இறங்கியவன், கச்சிராயபாளையம் தாண்டி, ரோட்டின் குறுக்கே வெட்டிச் சாய்த்திருந்த புளியமரத்தில் இருட்டில் போய் மோதினான். கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது, தடுக்க வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது, பாட்டுக்காரப் பயலிடம் ஒழுங்கான ஹெட்லைட்கூட இல்லை. முதுகில் கட்டியிருந்த கிட்டாருக்கு ஒரு கீறல் கிடையாது. சேதி வந்ததும் குழுவில் எல்லோரும் அதைத்தான் முதலில் விசாரித்தார்கள். செபாஸ்தியானும்தான்.

"நோட்டெல்லாம் கரெக்டாத்தான் வாசிக்கிற," என்று குழுவை நடத்தும் சர்புதீன் நேற்று எல்லார் முன்னாலும் சொன்னார். "ரபீக் வாசிச்சா வயித்துல இறங்கும்டா. உன்து காதுலயே நின்னுடுது."

கிட்டாரை மடியில் வைத்தான். கம்பிகள் முடிகிற பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் குறைத்து, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை முழுக்க ஏற்றினான். சத்தம் தடித்தது. டோன் குமிழைப் பாதி மூடினான், நகம் உரசும் சத்தம் மறைந்தது. ரேடியோ கடைக்காரர் ஒருவர் ரபீக்குக்காக அலுமினிய டிபன் டப்பாவுக்குள் கட்டிக்கொடுத்த ஃபில்டர் பெடலைக் காலால் மெல்ல அமுக்கினான். அமுக்க அமுக்க மேல் சத்தங்கள் ஒவ்வொன்றாக வடிந்து, குழம்பின் அடிவண்டல் மாதிரி கனத்த சத்தம் மட்டும் மிஞ்சியது. கிட்டத்தட்ட வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம். அமுக்கினான்.

டொக்.

விரல் கம்பியைக் கட்டையோடு சேர்த்து அழுத்துகிற சத்தம். அவன் இடது கை முழங்காலில் இருந்தது.

டொக். டொக்.

பிக்கப்புக்குக் காது கிடையாது. பக்கத்தில் நின்று கத்தினாலும் அழுதாலும் அதற்குக் கேட்காது. கம்பி அசைந்தால் மட்டும்தான் அது வாய் திறக்கும். இப்போது திறந்திருக்கிறது.

குனிந்து பார்த்தான். மூன்றாவது கம்பி நடுவில் பள்ளமாக அமுங்கிக் கிடந்தது. மேலே விரல் இல்லை.

கிட்டாரை நாற்காலியில் போட்டுவிட்டுச் சுவர்வரை பின்வாங்கினான். இரைச்சல் இல்லை. சுத்தமாக இல்லை. கம்பி அதிர்ந்தது. அடிவயிற்றில் இறங்கியது அது. ரபீக்கின் சவுண்டு. அப்படியே.

படியில் செருப்புச் சத்தம். சர்புதீன் ஈரத்தலையோடு வந்து வாசலில் நின்றார். கண்ணை மூடிக் கேட்டார். கன்னத்தில் வழிந்தது மழைத்தண்ணி மட்டுமில்லை.

"பாய், நான் வாசிக்கல."

"தெரியும்டா." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "இங்க ஒண்டியா உக்காந்துக்கினு இருந்தா எனக்கும் கேக்கும். ஒரு நோட்டு, ரெண்டு நோட்டு, அவ்ளோதான். யாராவது மடியில வச்சாத்தான் முழுசா வாசிக்கிறான்."

"கடலூர்காரன் வருவான்னீங்களே."

"போன வாரமே வந்தான். உக்காந்தான். ஓடிட்டான்." சட்டைப் பையிலிருந்து நனையாமல் வைத்திருந்த நோட்டீசை எடுத்து நீட்டினார். "உன் பேர போட்டாச்சு. பேஸ் கிட்டார் செபாஸ்தியான். நீ இன்னாத்த வாசிக்கப் போற? புடிச்சிக்கினு மட்டும் இரு."

கதவு திறந்துதான் கிடந்தது. படி இறங்கினால் ரோடு, ரோட்டில் பஸ். செபாஸ்தியான் நோட்டீசையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்திருந்தார்கள். இந்தப் பாழாய்ப்போன ஆசை தன்னை விடாது என்று தெரிந்துபோனது.

போய் உட்கார்ந்தான். கிட்டாரை மடியில் வைத்தான்.

சர்புதீன் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

முதலில் தோளில் கனம். ஒரு முகவாய் வந்து பதிந்தது. ஈரம். மூச்சு இல்லை. பிறகு, இடது கை விரல்களுக்கு மேலே சில்லென்று வேறு விரல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, இடம் தேடி, பொருந்தி.

ஒரே ஒரு நோட்டு. தன்னுடையதாக ஒன்று. செபாஸ்தியான் சுண்டுவிரலை நகர்த்தப் பார்த்தான்.

மேலிருந்த விரல் அழுத்தியது. தோல் கிழிந்தது. இன்னும் அழுத்தியது. கம்பி எலும்பில் போய் நின்றது.

சவுண்டு இன்னும் இனிமையாயிற்று. கீழே மண்டியில் யாரோ கை தட்டினார்கள்.