தறிராணியின் கோபம்

"பின்னாடி பாருங்க அம்மணி... பின்னாடி!"

குரல் காதில் விழுந்ததும் பிரவீனாவின் கால்கள் தாமாகவே விலகின. ரிவர்ஸில் வந்த பல்லடம் பஸ் அவள் துப்பட்டாவை உரசிக்கொண்டு நின்றது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் அப்போதுதான் மழை பிடித்திருந்தது.

உயிர் தப்பிய பயம்கூட அவளுக்கு வரவில்லை. வந்தது கோபம்.

அந்தக் குரல்... முகம் தெரியாமலே ஒரு வருஷம் இயர்போனில் கேட்ட குரல். ஆயிரம் பேர் பேசினாலும் தனியாகப் பிரித்துவிடுவாள்.

திரும்பினாள். ஒரு கையில் டீ, தோளில் பம்பு உதிரிப்பாகப் பை, குடையில்லாமல் நனைந்தபடி ஒருவன். நெற்றியில் ஒட்டிய ஈர முடிக்குக் கீழே பெரிய கண்கள்... அழகான கண்கள்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"ஏனுங்க, நீங்க துடியலூர் சசிதருங்களா?"

"ஆமாங்க... நீங்க?"

"தறிராணி."

டீ பாதி அவன் சட்டையில் கொட்டியது.

பல்லடத்தில் அவள் வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை. அந்த இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அப்பா கையை ஆட்டுவார், அம்மா கண்ணைக் காட்டுவாள். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிப் பழகியவள் பிரவீனா. செல்போனில் ஒரு துப்பாக்கி கேமைத் தனியாக ஆடிப் பார்த்தாள், சீக்கிரமே அலுத்தது. பிறகு ஒரு நாள் 'தறிராணி' என்று பெயர் வைத்து, மைக்கைத் திறந்து, நான்கு பேர் டீமில் சேர்ந்தாள். "மேக்கால ஜன்னல்ல ஒருத்தன் இருக்கானுங்க" என்றாள். மூன்று பேரும் மேற்கே திரும்பினார்கள்!

அவள் பேச்சைக் கேட்டு மூன்று பேர்... அன்றிலிருந்து அது வெறும் விளையாட்டாக இல்லை. ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டில், அந்த மூவரில் ஒருவனான சசியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால்தான் அவளுக்குச் சாயங்காலம். ஜெயித்தால் அவன் பொம்மை திரையில் குத்தாட்டம் போடும். அவளுடையதும் கூடச் சேர்ந்து ஆடும். ஆட்டம் முடிந்தாலும் மைக் மூடாது. பம்பு கம்பெனி மேனேஜரின் சிடுசிடுப்பு, மேட்டுப்பாளையம் ரோட்டு மழை... எல்லாம் பேசுவான். எல்லாம் கேட்பான்.

கேட்பான் என்றுதான் நம்பியிருந்தாள். ஒரு போட்டியின் ஃபைனலில் அவர்கள் டீமில் உயிரோடு மிஞ்சியது அவர்கள் இருவர் மட்டும். "சசி, மாடிப்படியில வாரானுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் திரும்பவே இல்லை. தோற்றார்கள். அதோடு விட்டானா? டீம் சாட்டில் எல்லோரும் பார்க்க எழுதினான்: 'தறிராணி வாயில கொழுக்கட்டைங்களா?' அன்றைக்கே டீமை விட்டு விலகி, அவனை பிளாக் செய்துவிட்டாள்.

"அன்னைக்கு நான் கத்துனது கேக்கலீங்களா?" என்றாள் இப்போது.

அவன் தலை குனிந்தான். "கேக்கலீங்க. உங்க மைக்குல தறிச் சத்தம் காதைப் பொளந்துச்சு... ஒரு நிமிஷத்துக்குன்னு உங்கள மியூட் பண்ணினேன். எடுக்க மறந்துபோட்டேன். அடுத்த நாள்தான் பாத்தேன்."

மியூட்! அவளுக்குக் கண்ணில் தீப்பொறி பறந்தது.

"தறிச் சத்தம் வேண்டாம்னா நானும் வேண்டாம்னு அர்த்தமுங்க! நான் அதுக்குள்ளதான் பொழைக்கறேன். ஊட்லதான் ஒருத்தருக்கும் காது இல்லீன்னா, நீங்களுமா?"

"தப்புத்தானுங்க! அத சாட்டுல எழுதி அல்லார்கிட்டயும் ஒத்துக்கிட்டேன். உங்ககிட்ட சொல்ல எங்க வழி?" அவன் குரலும் உயர்ந்தது. "ஒரு வார்த்தை கேட்டீங்களா? பிளாக் பண்ணிப்போட்டுப் போயிட்டீங்க. அந்தப் பேச்சுக்காகவே வேலைய முடிச்சு ஓடியாந்தவன் என்ன ஆவான்னு நெனச்சீங்களா? இன்னிக்கும் மூணு பேராத்தான் ஆடறோம். தோத்துத் தோத்து நாறிப்போனோம்... நாலாவது எடத்துக்கு ஆள் சேக்க நான் உடலீங்க!"

"அம்மணி, வாரீங்களா இல்லீங்களா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"நீங்க போங்க!" என்று அவருக்கும் ஒரு பாட்டு விட்டாள். பஸ் போய்விட்டது.

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான்.

"நான் இன்னும் முடிக்கலீங்க!"

மூடிக்கொண்டான். அவள் திட்டினாள்... கொழுக்கட்டைக்காக, மியூட்டுக்காக, அதன்பின் வெறுமையாய்ப் போன சாயங்காலங்களுக்காக. மழை அவன் இமைகளில் சொட்டியது. துடைக்கவில்லை. கண்ணை எடுக்காமல் கேட்டான். தன் வாக்கியம் ஒன்று முழுதாகப் போய் ஒருவரிடம் சேர்வதை பிரவீனா முதன்முறையாக நேரில் பார்த்தாள். அது அவளை எங்கோ இடறிவிட்டது.

"...உங்க மேல ஆசை இல்லாட்டி எனக்கு எதுக்குங்க இத்தன கோவம் வரப்போகுது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திய விரல்களுக்கு மேலே கன்னம் சிவந்தது.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றான் மெதுவாக.

"கேக்கலையாக்கும்?"

"நல்லாவே கேட்டுச்சுங்க. எனக்கும் அதேதான்... முகம் பாக்கறதுக்கு முன்னாடியே. ஆனா நீங்க திட்டிக்கிட்டே சொன்னாத்தான் நெசம்னு மனசு நம்புது."

"நாசமாப் போங்க!" என்றாள் பிரவீனா, சிரிப்பை அடக்க முடியாமல்.

அவன் எங்கேயும் போகவில்லை.