அசையக் கூடாதவள்

வாசலில் நிறுத்தியிருந்த திமிங்கல மண்டையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. மீசையே உறைந்து ஒடிகிற குளிரில் சொட்டுவதற்கு என்ன இருக்கிறது?

நுயாகிக் எழுந்து பார்க்கவில்லை. எழக் கூடாது. படகு வேட்டைக்குப் போயிருக்கும்போது படகுத் தலைவனின் பெண்டாட்டி வீட்டில் சாந்தமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் எப்படியோ அப்படித்தான் கடலில் திமிங்கலமும். அவளும் சாந்தமாகத்தான் இருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

போன வருஷம் பிடித்த திமிங்கலத்தின் மண்டை அது. கடலுக்கே திருப்பிக் கொடுத்திருந்தால் அதன் உயிர் வேறு உடம்பெடுத்து வந்திருக்கும். புருஷன் குல்லியுக் அதற்குக் கலர் பல்பு சுற்றி, தான் டை கட்டிக்கொண்டு, தலைநகரத்து அதிகாரிகளோடு போட்டோ எடுத்துக்கொண்டான். ‘மரபைக் காப்பவர்’ என்று பட்டயமும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ரேடியோ கரகரத்தது. படகிலிருந்து குல்லியுக்.

"நுயாகிக்! டிவிக்காரங்க கரையில நிக்கிறாங்க. உன் பிள்ளைதான் ஈட்டியோட படகு முனையில."

"அவனை முன்னாடி நிறுத்தாதே. மண்டையைக் கடல்ல போடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

"வாயை மூடிக்கிட்டு உக்காருடி. உனக்கு அது ஒண்ணுதான் வேலை."

"அம்மா," தகுலிக் இடையில் புகுந்து சிரித்தான், "அப்பா மூணு தடவை தலை சீவிட்டாரு. திமிங்கலத்தைப் பொண்ணு பாக்க வந்திருக்காராம்."

சொட்டும் சத்தம் நின்றது. அதனிடத்தில் ஒரு மூச்சு. நீளமாக, ஈரமாக, சுவர்ப்பலகைகள் விம்மித் தணியும்படி. கதவிடுக்கு வழியாக அழுகிய இறால் நாற்றம் கணுக்காலில் ஏறியது.

"திமிங்கலத்துக்கு இன்னும் கிட்டப் போங்கடா," ரேடியோவில் குல்லியுக், "டிவியில என் முகம் தெரியட்டும்."

பொறுக்க முடியவில்லை. வலது கையால் மேஜையை ஓங்கி அறைந்தாள்.

ரேடியோவில் கடல் வெடித்தது. அலறல்.

"அம்மா! வாலால அடிச்சிருச்சு! அப்பாவைக் காணோம்!"

உறைந்தாள். அசையக் கூடாது. அசையவில்லை.

கை அசைந்தது.

தானாக. மேஜையை விட்டு மேலே. இன்னும் மேலே. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தோல் கறுத்து, வழவழத்து, குளிர்ந்தது.

"அம்மா... வாலைத் தூக்குது. என் தலைக்கு மேலேயே நிக்குது. நீ அசையாமத்தானே இருக்கே?"

"அசையலடா. அசையல, கண்ணு."

இடது கையால் அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். முழு உடம்போடு தொங்கினாள்.

பிடி ஒவ்வொரு விரலாக வழுக்கியது.