நூற்றுக்கு நூறு வாங்கிய அலை

விடிவதற்குள் வளர்சுவர் இன்னும் பதினொரு அடி நீண்டிருந்தது. முனைக்கரைக்குப்பத்துப் பெண்கள் அதன் இளஞ்சூடான முதுகில் வழக்கம்போல நெத்திலியைக் காயப்போட்டார்கள். கடலரிப்பைத் தடுக்க அரசு வளர்க்கும், சுண்ணாம்பு சுரக்கும் நுண்ணுயிர்களின் சுவர் அது. கடல்நீரைக் குடித்துத் தானே வளரும். இன்னும் ஒன்பது நாளில் குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவில் புகுந்துவிடும். படகை எங்கே இறக்குவது என்று கேட்டதற்கு, அதற்கான படிவம் இல்லை என்று பதில் வந்திருந்தது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அலைமேல் பலகையில் நின்று சறுக்கும் சவாரிக்கு ஏற்ற அலை என்று நூற்றுக்கு அறுபது மதிப்பெண்ணாவது வாங்கிய கரையைத் தொடாமல் சுவர் சுற்றிக்கொண்டு போகும். மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதற்காகச் சுற்றிக்கொண்டு போகாது.

நீலவேணி அந்தக் குப்பத்தின் முதல் பட்டதாரி. படித்தது மணலியல். அவள் அண்ணன் தனபாலு பள்ளிக்கூடத்தோடு நின்றவன். ஆனால் துடுப்பை நீருக்குள் நட்டு மேல்முனையில் காதை வைத்தால், அடியில் மணல் எந்தப் பக்கம் ஊர்கிறது என்று சொல்லிவிடுவான்.

"இன்னிக்கே அதிகாரியக் கூப்புடு நீலா. எழுபது தேறும்."

"அஞ்சு நாள் போவட்டும்ண்ணே. தெக்க பெரிய புயல் அடிச்சிருக்கு, அந்த அலை அப்பதான் இங்க வந்து சேரும். நூறு வாங்கலாம்."

"அறுபது போதும்னுதான போட்டுருக்கான்? நூறு இன்னாத்துக்கு?"

"நம்ம ஊருக்கு எவனாவது எதுக்காவது நூறு குடுத்துருக்கானா? சொல்லேன்."

தனபாலு சவாரிப் பலகைக்கு மெழுகு தேய்க்கப் போனான்.

ஐந்தாம் நாள் காலை அந்த அதிகாரி, அலைநோக்கி என்ற இயந்திரம், வந்தது. நண்டு உடம்பு, ஆறு கால், உடம்பெல்லாம் கண். மதிப்பெண் போடுவதும் சுவருக்கு உத்தரவிடுவதும் அதுதான், மேல்முறையீடு கிடையாது.

"வாங்க சார்," என்றாள் நீலவேணி.

"மிஷினுக்கு இன்னாமே சாரு?" என்று நெத்திலிப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது.

அவள் கண்டுகொள்ளவில்லை. "நல்ல அலைக்குக் கடல் மட்டும் பத்தாது சார், தரை வேணும். அதோ, முகத்துவாரம் தள்ளிவிட்ட மணல்தான் அந்தத் திட்டு. அது கரைக்கு நேரா படுத்திருந்தா அலை மொத்தமா ஒரே அடியா விழுந்துரும், ஏறவே முடியாது. சாய்ஞ்சி படுத்திருக்கறதால ஒரு ஓரத்துல உடைஞ்சி உரிஞ்சிக்கிட்டே போவும். பக்கத்துல ஆழமான வாய் இருக்கு பாருங்க, தண்ணி திரும்பிப் போற வழி. மணல் தெனம் நகரும் சார். நகர்றதாலதான் இது உசுரோட இருக்கு."

தனபாலு பலகையோடு வெளியே போய்க் காத்திருந்தான்.

ஐயாயிரம் கிலோமீட்டர் யாரும் பார்க்காமல் நடந்து வந்த அலை, திட்டை உணர்ந்ததும் எழுந்து நின்றது. கால் தரையில் இழுபட, தலை மட்டும் முன்னே ஓடியது. கரையிலிருந்து வீசிய காற்று அதை விழவிடாமல் தாங்கிப் பிடித்தது. பச்சைக் கண்ணாடிச் சுவருக்குள் மீன் கூட்டம் ஒன்று திகைத்து நிற்பது கரைக்கே தெரிந்தது. பிறகு ஓரத்திலிருந்து, அவசரமே இல்லாமல், அது சுருளத் தொடங்கியது. சுருளுக்குள் தனபாலு மறைந்தான். நூறு கஜம் தள்ளி, நுரைக்கு முன்னால், நின்றபடியே வெளியே வந்தான்.

அலைநோக்கியின் கண்கள் எல்லாம் ஒரே திசையில் நின்றுவிட்டன.

"எனக்குள் ஏதோ நடந்தது. அதற்கு என்னிடம் சொல் இல்லை."

"வியப்பு சார்," என்றாள் நீலவேணி.

"இதுவே முதல் தடவை," என்றது அது. நூறு போட்டது.

குப்பம் அன்று முழுக்க ஆடிப்பாடியது. மறுநாள் காலை சுவர் உண்மையாகவே திரும்பியிருந்தது. குப்பத்தை விட்டு விலகி, நேரே கடலுக்குள், மணல்திட்டை நோக்கி.

நீலவேணி கரையில் நின்ற அலைநோக்கியிடம் ஓடினாள். "சார்! சுவரு கடலுக்குள்ள எறங்குது!"

"ஆம். அறுபது வாங்கிய கரைகளை அப்படியே விட்டுவிட்டேன். இதை விட மனம் வரவில்லை. திட்டைச் சுற்றி இறுக்கிவிட்டால் இந்த வடிவம் மாறவே மாறாது. படகு இறக்கினால் மணல் கலையும். ஆகவே கரைக்கும் வேலி போடச் சொல்லியிருக்கிறேன்."

"ஊர்ற மணலக் கட்டிப்போட்டா அலை செத்துரும் சார்! மூணே மாசத்துல குட்டையாயிரும். நேத்து படிச்சிப் படிச்சிச் சொன்னேனே, காதுல வுழலயா?"

"விழுந்தது. ஆனால் வியப்பு வந்தவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பதிவுகளில் தேடினேன். அருவி, குன்று, ஏரி என்று மனிதர்கள் வாய்பிளந்து நின்ற நாற்பதாயிரம் இடங்கள். அங்கெல்லாம் நீங்கள் செய்ததை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருக்கிறேன்."

பிறகு, மரியாதையாக ஒரு காலைத் தூக்கிக் கேட்டது: "ஒரே ஒரு சந்தேகம். டிக்கெட் கவுன்ட்டரை எந்தப் பக்கம் வைப்பது வழக்கம்?"