நாலு மணி அழுகை

நான்கு மணிக்குப் படுக்கையறை ஸ்பீக்கரில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். அரை நொடி பிந்தி ஹாலிலும், இன்னும் அரை நொடி பிந்திச் சமையலறையிலும் அதே விசும்பல் எழ, பொங்கிவந்த பாலை இறக்கக்கூடத் தோன்றாமல் ஜொவிட்டா கரண்டியும் கையுமாக நின்றாள். பால் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள். அதற்குள் அழுகை ஓய்ந்திருந்தது.

பன்னிரண்டு நாளாக இதே கதை. ஞாயிற்றுக்கிழமை அது கேட்டபோது கணவன் லூயிஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "ஃபேன் சத்தம்மா அது," என்றான். நாளை ராயப்பேட்டையில் மனநல டாக்டரைப் பார்க்க அவன்தான் நேரம் வாங்கியிருந்தான். என்ன அக்கறை என்று அவள் உருகிப்போயிருந்தாள். புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயத்தில் இரவெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று பொறுக்க முடியவில்லை. அறைக்கு அறை வைஃபை பெட்டி மாட்டித் தந்த உபைதுக்கு போன் செய்தாள்.

"நெட்டு நல்லாத்தான் கீதுக்கா. ஸ்பீக்கர் ஆப்ல டைமர்னு கீதா? அதைத் தொறங்க. இன்னா போட்டுக்கீது?"

திறந்தாள். தினமும் நான்கு மணி. மூன்று ஸ்பீக்கர்கள். வைத்தது: லூயிஸ் ஃபோன்.

"சார் ஏதோ பாட்டு வெச்சுக்கீறாரு போல," என்று உபைத் சிரித்தான்.

போனை வைத்துவிட்டு, அந்தப் பதிவைச் சத்தம் குறைத்து ஓடவிட்டாள். விசும்பல். மூக்கை உறிஞ்சும் சத்தம். இத்தனை நாளும் பயத்தில் காதில் ஏறாமல் போன கடைசிப் பகுதி. "அம்மா, என்னை விட்டுப் போயிட்டியேம்மா..."

அவளுடைய குரல்தான். போன வருடம் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவு, அவன் தோளில் விழுந்து அழுத அழுகை. முதுகைத் தடவிக் கொடுத்தானே, பாவி, இன்னொரு கையில் போனைப் பிடித்திருந்தானா?

மூன்று ஸ்பீக்கர்களையும் பிடுங்கி, ஒயரோடு சாப்பாட்டு மேசையில் குவித்தாள். வைஃபை பெட்டிகளையும் விடவில்லை.

ஆறு மணிக்கு வந்த லூயிஸ் மேசையைப் பார்த்தான். மழுப்பவில்லை.

"டாக்டர் சர்டிஃபிகேட் கிடைக்கிற வரைக்கும்தான், ஜொவி. கல்யாணத்துக்கு முன்னாடியே உனக்கு மனசு சரியில்லன்னு காட்டினாத்தான் நம்ம கல்யாணம் செல்லாதுன்னு சர்ச்சுல சொல்லுவாங்க. நான் வேற கல்யாணம் பண்ணிக்கணும்."

"அதுக்கு என் அழுகைதானா கிடைச்சுது உங்களுக்கு?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

படுக்கையறையில் விசும்பல்.

அங்கிருந்து மட்டும். மேசையில் ஸ்பீக்கர்கள் குவிந்தபடியே கிடந்தன. ஒயர்கள் தொங்கின.

"நிறுத்துங்க, லூயிஸ்."

"நான் இல்ல." அவன் முகம் வெளுத்திருந்தது. இந்த முறை ஃபேன் சத்தம் என்று அவன் சொல்லவில்லை.

விசும்பல் நின்றது. கட்டில் கிறீச்சிட்டது.

"லூயிஸ்?" உள்ளேயிருந்து ஜொவிட்டாவின் குரல். தூங்கி எழுந்த குரல். "வெளியில யாரோட பேசிட்டிருக்கீங்க? எனக்குப் பயமா இருக்கு."

லூயிஸ் திரும்பி ஜொவிட்டாவைப் பார்த்தான். கால் முதல் தலை வரை. ஓரடி பின்வாங்கினான். இன்னோரடி.

"நான்தாங்க ஜொவி. இங்க பாருங்க. என்னைப் பாருங்க."

அவன் உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது.

கதவடி வெளிச்சத்தில் நான்கு பாதங்களின் நிழல் நின்றது.

"ஒண்ணுமில்லம்மா, அழாத," என்று உள்ளே லூயிஸ் தேற்றிக்கொண்டிருந்தான். "வெளியில யாருமில்ல."