மடிந்த புழுக்கள்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நால்வர். பயிர்களின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களை இனம் பிரிப்பதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்து, ஆய்வகத்தின் தலைவியாக ஓய்வு பெற்ற அக்கா. அப்பா விட்டுச்சென்ற நாற்றுப்பண்ணையை நடத்திவந்த தம்பி. தம்பியின் மனைவி. நாற்றுத் தட்டுகளைச் சுமக்கும் வேலையாள் நெட்டை. அவன் உறவு இல்லை என்றாலும் அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் என்பதால் அவனையும் சேர்த்துத்தான் நால்வர். வேறு யாரும் வரவில்லை. விடாமல் பெய்த மழையில் வருவதற்கு வழியும் இல்லை.

பின்னறையில் நுண்ணோக்கிக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அக்கா, நாற்றங்கால் மண்ணிலிருந்து பிரித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டிருந்த புழுக்களை மறுபடியும் பார்த்தாள். ஏதோ சரியில்லை.

நூற்புழுக்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாதவை. மண்ணை மெல்லிய தாளில் பரப்பிப் புனலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால், அவை நெளிந்து நெளிந்து கீழே இறங்கி, புனலின் காம்பில் மாட்டிய ரப்பர் குழாயில் வந்து சேரும். பிறகு அவற்றை இளஞ்சூட்டில் கொல்ல வேண்டும். அப்படிக் கொன்றால் ஒவ்வொரு இனமும் தனக்கென்று உள்ள ஒரு கோலத்தில் சாகும். ஒன்று குச்சி போல நீட்டிக்கொண்டு சாகும், ஒன்று பிறை போல வளைந்து சாகும், சுருள்புழு கடிகாரத்துச் சுருள்வில் போலச் சுருண்டு சாகும். வாயில் உள்ள ஊசியையும் வாலின் நுனியையும் அளந்து பெயரை உறுதி செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். கிடக்கிற விதத்தைப் பார்த்தே அக்கா பாதியைச் சொல்லிவிடுவாள். அவள் சொன்ன பெயரை யாரும் திருத்தியதில்லை.

இவை மடிந்து கிடந்தன. வளைந்து அல்ல, மடிந்து. உடலின் நடுவில் ஒரு முறிவு. ‘ட’ என்ற எழுத்தை யாரோ நூறு தடவை எழுதிப் பார்த்தது போல. ஒன்றிரண்டு என்றால் எடுக்கும்போது ஊசி பட்டு ஒடிந்தது எனலாம். எல்லாமே அப்படித்தான் கிடந்தன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம், ஜன்னல் பக்கம், நாற்றங்கால்கள் இருந்த பக்கம்.

கிண்ணத்தைத் திருப்பி வைத்தாள். தலைகள் சுவர்ப்பக்கம் போயின. செத்தவை அப்படித்தான் போக வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

தலைகள் ஜன்னல் பக்கம் இருந்தன.

வெளியே நிழல்வலைக் கூடாரத்தின் மீது மழை இறங்கிக்கொண்டிருந்தது. வலையில் சலிக்கப்பட்டு, இலைகளில் சொட்டி, தட்டுகளின் ஓட்டைகள் வழியாக மண்ணுக்குள் போகும் அந்த மெல்லிய, ஓயாத, உறிஞ்சுவது போன்ற சத்தம் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி அறைக்குள் வந்தது. அதனோடு ஒரு வாசனையும் வந்தது. ஈர மண்ணின் வாசனை அல்ல. பச்சைக் கிழங்கை அறுத்து வைத்த வாசனை.

“என்னக்கா, பேர் கிடைச்சுதா?” தம்பி வாசற்படியிலேயே நின்று கேட்டான்.

“பார்த்துட்டுத்தான் இருக்கேன்.”

“பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி பார்க்குறே. பாஸா பெயிலான்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்.”

சிரித்தான். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவர்களிடம் தக்காளி நாற்று வாங்கிய விவசாயியின் வயல் முழுவதும் நின்ற நிலையிலேயே வாடிப்போயிருந்தது. அவர் புகார் கொடுத்துவிட்டார். விசாரிக்க வேண்டிய அதிகாரி, அக்காவிடம் வேலை பழகியவர். ‘நீங்க ஒரு பேர் சொன்னா போதும் மேடம், வேற யாரையும் கேட்க மாட்டேன்’ என்று சொல்லியிருந்தார். கெட்ட புழு என்றால் பண்ணைக்குச் சீல் வைப்பார்கள். பத்திரிகையில் பெயர் வரும். பெயர் என்றால் வாசல் பலகையில் இருக்கும் அப்பாவின் பெயர். அந்தக் குடும்பத்தில் யாரும் யார் முன்னும் தலைகுனிந்து நின்றதில்லை.

நெட்டை தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். தலை கதவு நிலையில் இடித்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

“பெரியக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

ஒற்றைக்காலில் நின்று இன்னொரு பாதத்தைத் திருப்பிக் காட்டினான். உள்ளங்காலில் ஒரு ஆணி, தலை வரைக்கும் இறங்கியிருந்தது.

“எப்படா குத்துச்சு?”

“அதுதான் தெரியலை. நடக்கிறப்ப டக்கு டக்குன்னு சத்தம் வருதேன்னு பார்த்தேன். கால் மரத்துப் போய்க் கிடக்கு. இனிமே எனக்குச் செருப்பே வேணாம் போல.”

“எனக்கும் விரலெல்லாம் அப்படித்தான் இருக்கு,” என்றான் தம்பி. “ஈர மண்ணுல கையை வெச்சுட்டே இருந்தா அப்படித்தான் ஆகும்.”

அக்கா இடுக்கியால் ஆணியை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. ரத்தம் வரவில்லை. துளைக்குள் வெள்ளையாக, நனைந்து, நார் நாராக இருந்தது. கிழங்கு வாசனை அறையை நிறைத்தது. மரத்துப்போவது என்ற சொல்லுக்குள் மரம் இருப்பதை அவள் அதுவரை யோசித்ததில்லை.

“அண்ணி, டாக்டரைக் கூப்பிடலாமா?” தம்பி மனைவி பின்னால் நின்றாள். கைகளை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

“டாக்டர் வந்தா எங்க வேலை செஞ்சான்னு கேட்பார்,” என்றான் தம்பி. “மண்ணை எடுத்துட்டுப் போவார். அப்புறம் ஊர் பூரா தெரியும்.”

மூவரும் அக்காவைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் எப்போதும் அவள் சொன்னதுதான் முடிவு.

அவள் போனை எடுத்தாள்.

“சொல்லுங்க மேடம்,” என்றார் அதிகாரி.

“சுருள்புழுதான். பெருசா கெடுதல் செய்யாது. வயல்ல தண்ணி தேங்கி நின்னிருக்கும், அதுல வாடியிருக்கும்.”

“நீங்க சொன்னா சரி மேடம். பைலை முடிச்சுடறேன். உடம்பைப் பார்த்துக்குங்க.”

அவ்வளவுதான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புழுவுக்குத் தெரிந்தே தவறான பெயரைச் சொன்னாள். மனம் கூசும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ பஞ்சை அடைத்தது போல இருந்தது. மற்றவர்கள் அசதியாக இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறோம் என்று கூடத்துக்குப் போனார்கள். தம்பி போகிறபோது, “நீ இருக்கிறப்ப எங்களுக்கு என்னக்கா பயம்?” என்றான்.

தடயம் இருக்கக் கூடாது என்று கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஆவி அடங்கியதும் ஒரு தடவை, கடைசியாக ஒரு தடவை, கண்ணை வைத்துப் பார்த்தாள்.

அவை சேர்ந்திருந்தன. ஒன்றின் மடிப்புக்குள் ஒன்று, அதன் மடிப்புக்குள் இன்னொன்று, இடைவெளி இல்லாமல், அடுக்கி வைத்தது போல. ஒன்றும் அசையவில்லை. அசைவதை அவளால் ஒரு தடவைகூடப் பார்க்க முடியவில்லை. கண்ணை எடுத்து வைக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருந்தன.

ஓரத்தில் ஒன்று மட்டும் தனியாக.

வீட்டில் சத்தம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குறட்டை இல்லை. இருமல் இல்லை. தம்பி மனைவியின் வளையல் சத்தம் இல்லை. மழையும் அந்த உறிஞ்சலும் மட்டும்.

எழுந்தாள். நடந்தாள். காலடிச் சத்தம் கேட்டது. பாதத்துக்குத் தரை தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தரையில் நடக்கிறோம் என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. சாயங்கால வெளிச்சம் கூடத்தில் சாம்பல் போலப் படிந்திருந்தது.

மூவரும் தரையில் கிடந்தார்கள். பக்கவாட்டில். இடுப்பில் மடிந்து. கால்கள் விறைப்பாக நீண்டு. தம்பியின் மடிப்புக்குள் அவன் மனைவி. தம்பியின் முதுகை ஒட்டி நெட்டை.

வேலையாள் இப்படிப் படுக்கலாமா என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகு தலைகளைப் பார்த்தாள்.

எல்லாம் நாற்றங்கால் பக்கம்.

கண்கள் திறந்திருந்தன.

“டேய்,” என்றாள்.

தம்பியின் உதடு அசையவில்லை. ஆனாலும் குரல் வந்தது. தொண்டையிலிருந்து அல்ல, இன்னும் கீழே, வயிற்றுக்கும் கீழே எங்கிருந்தோ.

“கதவைச் சாத்துக்கா. யாராவது பார்த்துடப் போறாங்க.”

போன் அவள் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது தப்பு, ஆளை அனுப்பு. அவர் உடனே வருவார். ஆட்களோடு வருவார். இவர்கள் கிடக்கும் கோலத்தைப் பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள். வாசல் பலகையையும் சேர்த்து.

போனை மேசை மேல் வைத்தாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் பட்டது விரலுக்கு உறைக்கவில்லை. திரையை இழுத்துவிட்டாள். விலகியிருந்த தம்பி மனைவியின் புடவையைக் கணுக்கால் வரை சரிசெய்தாள். அவளுடைய மடிப்புக்குள் ஓர் இடம் இருந்தது. சரியான அளவு. ஓர் ஆளுக்கு.

இடுப்பில் ஏதோ மெதுவாக இற்றது.

வலிக்கவில்லை.

பாகப்பிரிவினைத் தகராறில் அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாமல் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் பண்ணை பூட்டிக் கிடக்கிறது என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்தக் குடும்பத்தில் பாகம் பிரித்ததே இல்லை. யாரும் எங்கேயும் போகவில்லை. நால்வரும் கூடத்தில்தான், ஒருவர் மடிப்புக்குள் ஒருவராக, ஒற்றுமையாக இருக்கிறார்கள். மழை பெய்கிற நாட்களில் லேசாக அசைகிறார்கள்.