கழிவுமேட்டு மண்

முப்பத்தாறு பைகள்தான் அவள் எடுத்து வந்திருந்தாள். ஆய்வக மேசையில் முப்பத்தேழு இருந்தன.

மறுபடியும் எண்ணினாள். கடைசிப் பையில் எண்ணும் இல்லை, தெருப்பெயரும் இல்லை.

"அண்ணே, இதை யார் வச்சது?"

உதவியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உங்க பெட்டியிலதாம்மா இருந்துச்சு."

சுரங்கம் மூடிப் பன்னிரண்டு வருடமாகியும் ஊர்த் தோட்டங்களில் ஈயம் எங்கிருந்து சேருகிறது என்று தடம் பிடிப்பதுதான் அவள் வேலை. அனல் நிலையச் சாம்பலா, லாரிப் புழுதியா, சுரங்கக் கழிவுமேடா என்று மண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பையும் காட்டிக்கொடுத்தது. கழிவுமேடு. மற்றவற்றைவிட இருபது மடங்கு ஈயம். மழையில் கரைந்திருக்க வேண்டிய கந்தகம்கூட அப்படியே இருந்தது. யாரோ சமீபத்தில்தான் கொட்டியிருக்கிறார்கள்.

சல்லடையில் ஒரு சட்டைப் பித்தான் தங்கியது. முயல் வடிவம். இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோன மகளுக்கு அவள் தன் கையால் தைத்த பித்தான்.

அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். பட்டப்பகலிலும் திரைகள் இழுத்து மூடியிருந்தன. அணைந்த தீக்குச்சியின் வாடை கூடத்திலிருந்து சமையலறை வரை அவளோடு கூடவே வந்தது. கொல்லைப்புறத்தில் ஏதோ ஒன்று ஈரமாக, அவசரமில்லாமல், மென்றுகொண்டிருக்கும் சத்தம் கேட்க, பக்கத்து வீட்டு நாயாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கணவன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். நகக்கண்களெல்லாம் கறுப்பு.

"அந்தப் பையை உன் பெட்டியில நான்தான் வச்சேன். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரலை."

மகள் விளையாட ஒரு சின்னக் குன்று வேண்டும் என்று கேட்டவள் அவள். வண்டி பிடித்து மண் கொண்டுவந்தவன் அவன்.

"நல்ல கறுப்பு மண்ணுன்னு நெனச்சேன். மேட்டுலேருந்து அள்ளுனதுன்னு உங்கிட்ட சொல்லலை."

"அவ தின்னாளா?"

"ஒரு தடவை பார்த்தேன். வாயைத் துடைச்சுவிட்டேன். சின்னப்புள்ளைங்க அப்படித்தானேன்னு..." அவன் தேம்பினான்.

மகளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று மட்டுமே அப்போது மருத்துவர்கள் சொன்னார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனைத் திட்ட அவளுக்கு நாக்கு எழவில்லை. ஊர்த் தோட்டமெல்லாம் தோண்டியவள் தன் வீட்டுக் கொல்லையை மட்டும் ஒருநாளும் தோண்டிப் பார்க்கவில்லையே.

"இப்ப ஏன் மறுபடி கொட்டுனீங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "குன்று குறைஞ்சுகிட்டே வருது. காலையில ஒரு கூடை போட்டா சாயங்காலத்துக்குள்ள குழியாயிடுது. எப்படி விட முடியும்? பாவம்ல."

"என்ன சொல்றீங்க?"

அவன் பின்கதவைப் பார்த்தான்.

அவள் கதவைத் திறந்து கொல்லைக்குப் போனாள். குன்று இல்லை. குன்று இருந்த இடத்தில் ஒரு தட்டு அகலத்துக்குக் குழி. ஓரத்து மண் இளஞ்சூடாக இருந்தது. அவள் மண்டியிட்டதும் மெல்லும் சத்தம் நின்றது.

அமைதி.

பிறகு, மிக அருகில், மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுது ஓய்ந்த குழந்தை உறிஞ்சுவதுபோல.

"பாப்பா?"

எழுந்து ஓடத்தான் நினைத்தாள். ஆனால் கை உள்ளே போயிற்று. முழங்கை வரை. தோள் வரை. கன்னம் மண்ணில் படிந்தது.

குளிர்ந்த உதடுகள் அவள் விரல்களைக் கண்டுபிடித்தன. சுண்டுவிரல். மோதிரவிரல். ஒவ்வொன்றாக நக்கின. உள்ளங்கையைத் தேடின. அங்கே ஒன்றுமில்லை.

மெல்லிய சிணுங்கல்.

அந்த மண்ணில் எவ்வளவு விஷம் என்று கடைசிப் புள்ளி வரை அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் அவளைவிடத் தெரிந்தவர் யாருமில்லை.

சின்ன வாய் அவள் உள்ளங்கையின்மேல் திறந்தபடி காத்திருந்தது.

அவளுடைய மற்றொரு கை ஓரத்து மண்ணை அள்ளத் தொடங்கியது.