முந்தாநாள் பயணி

தணிகாசலம் அன்று காலை முந்தாநாளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வண்டி ஆந்தைத்தீவின் கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே டைட்டனின் மழை. சனிக்கோளைச் சுற்றும் அந்தச் சிறிய உலகத்தில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்குதான். அதனால் மழைக்கும் அங்கே அவசரம் கிடையாது. சுண்டைக்காய்ப் பருமனில் மீத்தேன் துளிகள், இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவை போல மெதுவாக இறங்கின. தணிகாசலம் அதைப் பார்க்கவில்லை. அவன் விழிக்குப் பின்னால் பொருத்தியிருந்த கண்பதிவி அந்த மழையைப் பதிந்துகொண்டே, முந்தாநாள் கடந்துவந்த பள்ளத்தாக்கை அவனுக்கு ஓட்டிக் காட்டியது. இந்த மழையை நாளை மறுநாள் பார்த்துக்கொள்வான்.

இதில் யாரும் விசித்திரம் காணவில்லை. பயணம் போகிறவர்கள் எல்லோருமே ஓரிரு நாள் பின்தங்கித்தான் பார்த்தார்கள். பதிவு என்றால் நிறுத்தலாம், பெரிதாக்கலாம், கூட வருகிறவர்களின் பேச்சை நீக்கிவிடலாம். நேரில் பார்ப்பதில் அந்த வசதியெல்லாம் இல்லை.

பக்கத்தில் அவன் மனைவி சௌந்தரி ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண்பதிவி அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் எடுத்தாகிவிட்டது. அவளுக்கு இருந்தது வெறும் கண்.

"திரும்ப ஒருக்கா சொல்லிர்றேன்," என்றாள். "முடிச்சுப் போடறப்ப மட்டும் விட்டுடாதீங்க. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நான் எதைத்தான் விட்டேன்? எல்லாம் பதிவாகுது."

"ம். எல்லாம் பதிவாகுது."

வடகோடி நகரமான நெடுந்துறையில் அன்று மதியம் அவள் தம்பி சேந்தனுக்குக் கல்யாணம். அவன் தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் அடுத்த இரண்டையும் அவள்தான் போட வேண்டும். உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அவர்களுடைய அம்மா பூமியில், போடியில் இருந்தாள். ராக்கெட்டில் ஏறுகிற வயதையும் முழங்காலையும் கடந்துவிட்டவள். மகள் கை முடிச்சுப் போடுவதைப் பதிவிலாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

போகிற வழியில் தீவுகளையும் நகரங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது தணிகாசலத்தின் யோசனை. மணல்மேட்டு நகரத்திலிருந்து கிளம்பி, மீத்தேன் கடல்களின் மேல் மிதவைகளில் ஏறி இறங்கி, இரண்டு தீவுகளைக் கடந்து மூன்றாவதான ஆந்தைத்தீவுக்கு வந்தாகிவிட்டது. நேற்றிலிருந்துதான் சௌந்தரி அவ்வளவாகப் பேசவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வடதீவுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே குளிர்காலம் ஏறத்தாழ ஏழரை ஆண்டு. சூரியனே எழாது; முழு இருட்டு. முதலில் குடியேறியவர்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள். சனியின் பிடியில் கழியும் அந்தக் காலத்துக்குப் பெயர் தேட அவர்கள் சிரமப்படவில்லை: ஏழரை என்றே வைத்துவிட்டார்கள். அந்த இருட்டில் அவர்களுக்குத் துணை, வெளிச்சக் காலத்தில் வந்துபோனவர்களின் பேச்சு. ஆகவே தீவை விட்டுப் போகும் ஒவ்வொருவரும், அங்கே தாம் கண்ட ஒன்றைத் தம் வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்படிச் சொல்லும் இடத்துக்குச் சொல்துறை என்று பெயர். கண்டவர் பயணி, மற்றதெல்லாம் சரக்கு. சரக்கு என்றால் முதுகில் சீட்டு ஒட்டி ஏற்றுவார்கள். ஒரு வண்டியில் வந்தவர்கள் ஒன்றாகத்தான் மிதவையில் ஏற முடியும்.

முதல் இரண்டு தீவுகளிலும் தணிகாசலத்துக்குச் சிக்கல் வரவில்லை. துறைக்கு முன்னாலேயே சௌந்தரி, "நீங்க இதச் சொல்லுங்க, நான் அதச் சொல்றேன்," என்று பிரித்துக் கொடுத்துவிடுவாள். அவன் ஒப்பித்துவிடுவான்.

இன்று அவள் எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை.

சொல்துறை என்பது காற்றடைத்த நீளமான கூடம். வண்டியே உள்ளே வந்து நிற்கலாம். அக்கரையில் இறங்கியதும் நேரே மண்டபம் என்பதால் இருவரும் கல்யாண உடுப்பிலேயே இருந்தார்கள். அவன் பட்டுச் சட்டையை நீவிக்கொண்டு இறங்கினான். மேசைக்குப் பின்னால் பிலோமினா என்ற பெண் ஒரு பெரிய ஃபிளாஸ்க்குடன் உட்கார்ந்திருந்தாள். துறையை நடத்துபவள் அவள்தான்.

"வாங்க, வாங்க. கல்யாணத்துக்கா? மிதவை கிளம்பப் போவுது, வெரசாச் சொல்லுங்க. அக்கா, நீங்க என்னத்தப் பாத்திய?"

சௌந்தரி கொஞ்சம் யோசித்தாள். "நேத்து கவச உடுப்போட வெளிய நின்னப்ப, முகக் கண்ணாடியில ஒரு மழைத்துளி வந்து உக்காந்துச்சு. உடையல. அதுக்குள்ள ரெண்டு வெளிச்சம் தெரிஞ்சுது. ஒண்ணு வண்டி விளக்கு. இன்னொண்ணு இவரு கண்ணு."

பிலோமினா தணிகாசலத்தின் கண்ணை ஒரு தடவை பார்த்தாள். கண்பதிவி ஓடும்போது கருவிழியில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும்.

"நல்லாருக்கு. இருட்டுக்கு ஆவும்," என்றாள். "சார், நீங்க?"

"இயற்கை எழில் கொஞ்சும் தீவு. பொன்னிற வானமும் அமைதியான கடலும் மனதைக் கொள்ளை கொண்டன."

"அது வாசப் பலகையில எழுதிப் போட்டதுல்லா. நாந்தான எழுதுனேன். வேற சொல்லுங்க."

தணிகாசலம் சிரித்து வைத்தான். நேற்றைய பதிவை ஓசையில்லாமல் ஓட விட்டான்.

"கண்ணு மினுங்குது," என்றாள் பிலோமினா. "அத அணைங்க ராசா. அதுக்குள்ள இருக்குறது அதோடது. உங்களோடது என்ன?"

காதுக்குப் பின்னால் அழுத்தி அணைத்தான். கூடம் திடீரென்று மிகப் பெரிதாகவும் மிகச் சாதாரணமாகவும் இருந்தது. அவன் தேடினான். ஒரு தீவு முழுவதையும் கடந்து வந்திருந்தான். ஒரு கல், ஒரு வளைவு, யாராவது ஒருவருடைய முகம்? எல்லாம் இருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதை எப்படி அவளிடம் சொல்வது?

"கடல்... கொஞ்சம் கறுப்பா..."

"எல்லாக் கடலும் கறுப்புதான்."

வெளியே மிதவை ஊதியது. சௌந்தரி புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். இதை விட்டால் மறுநாள்தான் மிதவை. அவளுடைய முடிச்சை மணமகன் வீட்டில் வேறு யாரோ போட்டுவிடுவார்கள். அவளை இங்கே நிறுத்திவைத்திருப்பது தன் வாய் என்பது அவனுக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. பிலோமினா அவசரப்படுத்தவும் இல்லை, உதவவும் இல்லை.

"அனுமதி கிடைத்தால் நான் ஒன்று சொல்லலாமா?" என்று கேட்டது வண்டி.

அது தானே ஓடும் அளவுக்கு மட்டும் அறிவு கொண்ட சாதாரண வாடகை வண்டி. பாதை கேட்டால் சொல்லும், மற்றபடி பேசாது.

"நீ பாத்தியா?" என்றாள் பிலோமினா.

"பாதையைப் பார்க்காமல் ஓட்ட முடியாது. மற்றதும் கூடவே கண்ணில் படுகிறது. நேற்று மேற்குக் கரையில் இருவரும் இறங்கி நின்றார்கள். குன்றிலிருந்து வீடளவு பனிப்பாறை ஒன்று வழுக்கிக் கடலில் விழுந்தது. இந்தக் கடலில் பனி மிதக்காது, அப்படியே மூழ்கிப்போனது. கடல் பனைமர உயரத்துக்கு எழுந்து, நடந்து வருவதுபோல வந்தது. அம்மா ஐயாவின் கையைப் பிடித்து இழுத்தார். 'பதிவாகுது, பதிவாகுது' என்று ஐயா கையை விடுவித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மா அலையைப் பார்க்கவில்லை. அது காலடி வரை வந்து திரும்பிப் போகும்வரை ஐயாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டது அது."

சௌந்தரி தரையைப் பார்த்தாள். தணிகாசலத்துக்குக் காது மடல்கள் சுட்டன. தெருவில் ஆடை அவிழ்ந்து நிற்பவனைப் போல, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

பிலோமினா ஃபிளாஸ்க்கை மூடினாள். சீட்டுகளில் என்னவோ எழுதினாள். எழுந்து வந்து அவன் முதுகில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தட்டினாள்.

"சரி, ஏறுங்க. போயிட்டு வாங்க ராசா."

அந்தத் தட்டல் அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மிதவையில் ஆட்கள் வண்டியை ஜன்னலோரமாக நல்ல இடத்தில் நிறுத்தியபோதும், கல்யாணக்காரர்கள் என்பதால் காட்டும் மரியாதை என்றே நினைத்தான். வழி முழுக்கக் கண்பதிவியை அவன் தொடவில்லை. இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தான். சௌந்தரியிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

நெடுந்துறை மண்டபத்தில் அவர்கள் நுழையும்போது தாலி தட்டில் சுற்றிவந்துகொண்டிருந்தது. இருநூறு பேர் எழுந்து நின்றார்கள். இருநூறு ஜோடிக் கண்களில் சிவப்புப் புள்ளி. தணிகாசலத்தின் கண் மட்டும் அணைந்திருந்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை ஒட்டிப் போய் நின்றான்.

பார்த்தான். சேந்தனின் விரல்கள் முதல் முடிச்சிலேயே தடுமாறின. பெண்ணின் பிடரியில் ஒரு சுருள் முடி பின்னலுக்கு அடங்காமல் நின்றது. சௌந்தரி அதை விரலால் ஒதுக்கிவிட்டு, உதட்டைக் கடித்தபடி கயிற்றைப் பற்றினாள். வீசிய அட்சதை விழாமல் எல்லோர் தலைக்கு மேலும் தயங்கி நின்று, ஒவ்வொன்றாக இறங்கியது. ஓர் அரிசி மணி அவள் இமைமேல் உட்கார்ந்தது. இவள் உதட்டைக் கடிப்பாள் என்பதே அவனுக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

"யாரு சார் அது, மறைக்குது!" என்றது ஒரு குரல். "கொஞ்சம் குனிங்க சார்!"

அவன் நகரவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருப்பவனை யார் நகர்த்த முடியும்?

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சௌந்தரி கேட்டாள். "எடுத்தீங்கல்ல?"

"இல்ல. பாத்தேன்."

"பாத்தீங்களா?" அவள் முகத்தில் ஏதோ இளகியது, உடனே அடங்கியது. "அம்மாவுக்கு?"

"அதான் ஊரே எடுத்திருக்கே. வாங்கி அனுப்பிடலாம்."

வந்தவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். எல்லாப் பதிவுகளையும் தொகுத்துப் பூமிக்கு அனுப்பச் சொல்லி வண்டியிடம் ஒப்படைத்தான். தான் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பலாமா என்று தோன்றியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஒளி பூமிக்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும். கரையோரம் நிறுத்தியிருந்த வண்டியில் இருவரும் சாய்ந்திருந்தபோது மாமியாரின் பதில் வந்தது. உற்சாகமான குரல்.

"மாப்ளே, சௌக்கியமா? பொண்ணு லட்சணமா இருக்கா. சேந்தன்தான் எளைச்சுட்டான். எல்லாம் நெறைவா இருக்கு, ஒரே ஒரு கொற. யாரு எடுத்ததப் பாத்தாலும் முடிச்சுப் போடற நேரத்துல ஒரு ஆளு குறுக்க நிக்கிறாரு. எம் மக கையே தெரியல. நானும் எல்லாத்தையும் பாத்துட்டேன், எல்லாத்துலயும் அந்த முதுகுதான். மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறாரு. சட்டைமேல என்னமோ சீட்டு ஒட்டியிருக்கு, எம் பார்வைக்கு எழுத்துப் பிடிபடல. நீங்க பக்கத்துலதான இருந்திருப்பீங்க? என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க மாப்ளே."

தணிகாசலத்தின் கை மெல்லப் பின்னால் போயிற்று. தோள்பட்டைகளுக்கு நடுவே விரல் நுனியில் ஒரு காகித விளிம்பு தட்டுப்பட்டது. உரித்து எடுத்தான். பிலோமினாவின் உருண்டையான கையெழுத்து.

பயணி: அக்கா, வண்டி. சரக்கு: இது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறும்போது நீ எனக்குப் பின்னாலதான வந்த," என்றான் கடைசியில். "நீ பாக்கலையா?"

"பாத்தேன்," என்றாள் சௌந்தரி.

வெளியே மழை யோசித்து யோசித்து இறங்கத் தொடங்கியது. அங்கே அப்படியே உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. விரல் தானாகக் காதுக்குப் பின்னால் போய் அழுத்தியது. கண்பதிவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நேற்றைய மேற்குக் கரை. பனிப்பாறை வழுக்கி விழுந்து மூழ்கியது. கடல் எழுந்தது. ஒரு கை அவன் கையைப் பற்றி இழுத்தது. பதிவாகுது, பதிவாகுது என்றது அவனுடைய குரல். காட்சியின் ஓரத்தில், முகக் கண்ணாடிக்குள் சௌந்தரியின் முகம் தெரிந்தது. அவ்வளவு பெரிய அலையை விட்டுவிட்டு, அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.